நாலாவது ரீலில் ஒரு வெட்டு

தங்காக், ஜோகூர்
20 ஜனவரி 2024

அன்புத் தம்பி ரூபேந்திரனுக்கு,

அக்கா சந்திரமதி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் நலம். மச்சானின் சர்க்கரைதான் நலமில்லை. பொங்கலன்று யாருக்கும் தெரியாமல் மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, ரத்தம் சோதித்தபோது மிஷின் கெட்டுவிட்டது என்கிறார். அங்கே நீ, கஸ்தூரி, மகள் எல்லோரும் சுகம்தானே?

போன் போட்டால் உன் மேனேஜர் எடுத்து, "சார் ஷூட்டிங்ல இருக்கார்மா" என்கிறான். நான் என்ன உன் ரசிகர் மன்றமா? அதனால்தான் பழையபடி கடிதம்.

விஷயம் இதுதான். உலு திராம் பக்கம் நாம் பிறந்து வளர்ந்த சுங்கை மெராந்தி தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். மாரியம்மன் கோயிலுக்கு மாற்று நிலம் கிடைத்து, புது மண்டபமும் எழும்பிவிட்டது. கோயில் தலைவர் குணாளன் போன வாரம் வந்தார். "ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில் ரோடு போட நம்ம தோட்டத்துலேர்ந்து புடிச்சிட்டுப் போனாங்கள்ல, திரும்பி வராதவங்க பேர மண்டபத்துல கல்லுல வெட்டணும்கா" என்றார். நல்ல காரியம். ஆனால் பெயர்கள் யாரிடம் இருக்கின்றன? தோட்டத்து ஆபீஸில் ஆட்களின் பெயர் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்கள் வெள்ளத்தில் போயின. தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் உன் முதல் படம் நினைவுக்கு வந்தது. "தண்டவாளப் போர்". 1994இல் அந்தத் தோட்டத்திலேயே, தோட்டத்து ஆட்களை வைத்தே எடுத்தாயே. அதில் பதினாறாம் நாள் காரியக் காட்சியில் பெண்கள் தங்கள் வீட்டில் தொலைந்தவர்களின் பெயரைச் சொல்வார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறார். நான் ஷாமளாவைப் பெற்றுப் பத்தியத்தில் இருந்ததால் ஷூட்டிங்கையும் பார்க்கவில்லை, அப்புறம் கோலாலம்பூரில் ஒரே ஒரு நாள் அதைத் திரையிட்டபோது கைக்குழந்தையோடு போகவும் முடியவில்லை.

சென்னைக்குப் போகும்போது நீ என் வீட்டில் போட்டுவிட்டுப் போன ஐந்து ரீல் டப்பாக்களும் தையல் மிஷினுக்குக் கீழேதான் இருக்கின்றன. திறந்தால் வினிகர் வாசம் அடிக்கிறது. இன்னும் கொஞ்ச காலம் விட்டால் ஒன்றும் தேறாதாம்.

ஆகவே வெளியே எடுக்கப்போகிறேன். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். அதில் வரும் பன்னிரண்டு ஜப்பான் சிப்பாய்ச் சட்டைகளையும் வயிற்றுப் பிள்ளையோடு உட்கார்ந்து தைத்தவள் நான். அந்த உரிமை எனக்கு உண்டு.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
அக்கா

*

சென்னை
14 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். எனக்கு முதுகுவலி மட்டும் விட்டபாடில்லை. மச்சானை மிஷின் சொல்வதை நம்பச் சொல்.

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. படித்து முடித்தபோது அது இல்லை.

அக்கா, அந்தப் படத்தைத் தொடாதே. சினிமா என்றால் என்னவென்றே தெரியாத இருபத்தைந்து வயதில் எடுத்தது. ஜப்பான் சிப்பாய்களாக நடித்தவர்கள் உலு திராம் பாசாரில் மீன் விற்ற சீனர்கள். கையில் மரத் துப்பாக்கி. கடைசியில் பாலத்தைத் தகர்க்கும் சண்டைக்காக ஒரு சுருள் பிலிம் வைத்திருந்தேன். அதுவும் நீ சொல்லும் அந்தக் காரியக் காட்சியில் ஓடித் தீர்ந்துவிட்டது. ஒரு குண்டுகூட வெடிக்காத போர்ப்படம்! ஒரு பத்திரிகை என்னைக் கிழித்துத் தொங்கவிட்டது.

இந்தத் தீபாவளிக்கு என் பெரிய போர்ப்படம் வருகிறது. இந்த நேரத்தில் அது வெளியே வந்தால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுச் சிரிப்பார்கள். பேட்டிகளில் என் முதல் படம் 1999இல் வந்தது என்றுதான் சொல்லி வருகிறேன். அப்படியே இருக்கட்டும்.

கல்லுக்குப் பெயர்ப் பட்டியல் அவசியமா? "பெயரறியாத தொழிலாளர்களுக்கு" என்று ஒரு வரி வெட்டினால் கௌரவமாக இருக்கும். வேண்டுமானால் வாசகம் நானே எழுதித் தருகிறேன். டப்பாக்களைக் குப்பையில் போட்டுவிடு.

மச்சானுக்கும் ஷாமளாவுக்கும் என் அன்பு.
ரூபன்

*

தங்காக்
9 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் முதுகுக்கு மச்சான் ஒரு தைலம் அனுப்பச் சொல்கிறார். இதனுடன் வைத்திருக்கிறேன்.

பெயரறியாதவர்கள் என்று எழுதியிருந்தாய். யாருக்கு அறியாத பெயர்? அவர்களைப் பெற்றவர்களுக்குத் தெரியும், கட்டியவர்களுக்குத் தெரியும். உன் வாசகத்தை உன் படத்துக்கே வைத்துக்கொள்.

டப்பாக்கள் குப்பைக்குப் போகவில்லை, சிங்கப்பூருக்குப் போயின. ஷூட்டிங் ஆட்களுக்கு ரொட்டி சானாய் அனுப்பிய நஜ்முதீன் பாய் ஞாபகம் இருக்கிறதா? அவர் மகள் அல்ஃபியா அங்கே பழைய பிலிம்களைக் கணினியில் ஏற்றும் இடத்தில் வேலை செய்கிறாள். தினமும் ஜோகூர் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறாள். தன் விடுமுறை நாட்களில் உட்கார்ந்து ஐந்து ரீலையும் ஏற்றிக் கொடுத்தாள். நேற்று நானும் அவளும் பார்த்தோம்.

படம் மோசமில்லை, ரூபன். மரத் துப்பாக்கி மரத் துப்பாக்கியாகத்தான் தெரிகிறது. ஒரு சிப்பாய்க்குச் சட்டைப்பை வலது பக்கம் இருக்கிறது, அது என் தப்பு. ஆனால் அந்தக் காரியக் காட்சி வந்ததும் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். செத்துப்போன உன் கதாநாயகனுக்குக் காரியம் செய்யப் பண்டாரம் காளிதாஸை உட்கார வைத்திருக்கிறாய். அவர் எள்ளைக் கையில் எடுத்துக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார். "இல்லாத ஆளுக்கு எள்ளு விட முடியாது தம்பி. விட்டா அது யாரு தலையில போயி விழும்? நெசமான பேரு குடுங்க" என்கிறார். அவருக்கு எங்கே நடிப்பு தெரியும்! உடனே பெண்கள் எழுந்து வருகிறார்கள். ஆளுக்கொரு பிண்டம் பிடித்து இலையில் வைத்துவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்கிறார்கள். மூன்றாவதாக நம் அம்மா. "எங்கப்பா லெட்சுமணன்." அம்மாவின் குரலைப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு கேட்டேன்.

இலையில் இருந்த பிண்டங்களை எண்ணினேன். முப்பத்தேழு. கேட்ட பெயர்கள் பதினான்கு. பதினைந்தாவதாகப் பக்கத்து வீட்டு ராஜம்மா அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வருகிறார், வாயைத் திறக்கிறார், உடனே மழை பெய்கிற காட்சி வந்துவிடுகிறது. அல்ஃபியா நிறுத்திக் காட்டினாள். "நாலாவது ரீல்ல இங்க ஒரு வெட்டு இருக்குக்கா. கத்திரிச்சு டேப் போட்டு ஒட்டிருக்காங்க. ஏழு நிமிசமாச்சும் போயிருக்கும் லா."

அந்த ஏழு நிமிடம் எங்கே? உனக்கே தெரியும், ராஜம்மா அத்தைக்குக் கல்யாணமாகி ஆறாம் மாதம் அவர் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளை இல்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று கடைசிவரை சொல்லாமலே இருந்தவர். அவருடைய அடையாள அட்டையிலும், அதான் ஐசியிலும், அப்பா பெயர்தான். அந்த மனிதரின் பெயர் உன் படத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை.

பதில் போடு. தைலத்தைச் சூடு பண்ணித் தேய்.
அக்கா

*

சென்னை
2 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

நலம். தைலம் கிடைத்தது, நன்றி.

அந்தத் துண்டு படத்தின் வேகத்தைக் கெடுத்ததால் வெட்டினேன். 1995லேயே எரித்துவிட்டேன். இனி இதைப் பற்றி எழுதாதே.

ரூபன்

*

தங்காக்
20 மே 2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். ஷாமளாவின் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. அவர்களோடு வந்து வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறாள். கஸ்தூரிக்கு நான் அனுப்பிய புடவை வந்து சேர்ந்ததா?

எழுதாதே என்றாய். ஒரு மாதம் யோசித்துப் பார்த்தேன், எழுதத்தான் தோன்றுகிறது. சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லும்போது நீ சுருக்கமாகத்தான் பேசுவாய். மாங்காய் திருடிய அன்று "நான் இல்ல" என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்தினாய். போன கடிதமும் அந்த ரகம்தான்.

ஒன்று கேட்கிறேன். கோலாலம்பூரில் படம் போட்ட அன்று ராஜம்மா அத்தையையும் அம்மாவையும் நீதான் பஸ்ஸில் அழைத்துப் போனாய். அத்தைக்கு நான் பச்சை நிறத்தில் ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். திரும்பி வந்தவர் அந்த ரவிக்கையை மறுபடி போடவேயில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, நான் அவங்க பேரச் சொன்னது தப்பாப் போச்சா?" என்று கேட்டார். "என்ன பேரு அத்த?" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டார். 2003இல் கண்ணை மூடும்வரை அவர் அதைத் திரும்பச் சொல்லவில்லை. அங்கே என்ன நடந்தது? அம்மாவிடம் கேட்டதற்கு, "படம் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 31, மெர்டேக்கா சுதந்திர நாளன்று புது மண்டபத்தில் படம் போடுகிறோம். குணாளன் போஸ்டர் அடித்து பேஸ்புக்கில் போட்டுவிட்டார். பிரபல இயக்குநர் ரூபேந்திரனின் முதல் படம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது.

நல்லபடியாக இரு.
அக்கா

*

சென்னை
11 ஜூன் 2024

திருமதி சந்திரமதி கனகராஜ் அவர்களுக்கு,

எங்கள் கட்சிக்காரர் திரு. ரூபேந்திரன் அவர்களின் அறிவுறுத்தலின் பேரில் இந்த அறிவிப்பு அனுப்பப்படுகிறது. "தண்டவாளப் போர்" என்ற திரைப்படத்தைத் திரையிடுவதற்கும், எங்கள் கட்சிக்காரரின் பெயரை அதனுடன் எவ்வகையிலும் தொடர்புபடுத்துவதற்கும் தங்களுக்கு உரிமை இல்லை. அவரது பெயரை உடனடியாக நீக்கித் திரையிடலைக் கைவிடத் தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.

இப்படிக்கு,
வழக்கறிஞர்

*

தங்காக்
28 ஜூன் 2024

தம்பிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல், வக்கீலின் நலம் அறிய அல்ல.

அவர் கடிதம் வந்தது. தாள் நல்ல தடிமன். ரவிக்கைக் கழுத்துக்கு அளவு வெட்ட அந்த மாதிரித் தாள் இங்கே கிடைப்பதில்லை, அதனால் உபயோகமாயிற்று. மச்சான் பயந்துவிட்டார். "ஏன் லா வம்பு, உன் தம்பிதானே, விட்டுடு" என்றார். தம்பி என்பதால்தான் விடவில்லை என்றேன்.

உன் பெயரை எடுக்கச் சொன்னாய், எடுத்துவிட்டோம். புதுப் போஸ்டரில் அறுபத்தொரு பெயர்கள் இருக்கின்றன. நடித்தவர்கள், சமைத்தவர்கள், லாரி ஓட்டியவர், மீன்கடைச் சீனர்கள் பன்னிரண்டு பேர், சட்டை தைத்த நான். இயக்கம் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. உன் பெயரின் மேல் உனக்கு உரிமை உண்டு, வைத்துக்கொள். அந்தப் பதினான்கு பெயர்களின் மேல் உனக்கு ஒரு உரிமையும் கிடையாது. திரையிடுவோம். வழக்குப் போடு. கோர்ட்டில் நீதிபதிக்கும் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டத்தானே வேண்டும்? இன்னும் நாலு பேர் பார்த்த மாதிரி ஆகும்.

கஸ்தூரிக்கு என் அன்பு.
சந்திரமதி

*

தங்காக்
3 ஆகஸ்ட் 2024

ரூபன்,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வக்கீலிடமிருந்தும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபம் இருந்தால் இருக்கட்டும். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போடு.

கல் வந்துவிட்டது. கல் செதுக்கும் மணியம் பதினான்கு பெயர்களையும் அழகாக வெட்டிவிட்டார். அதற்குக் கீழே இருபத்து மூன்று கோடுகள் மட்டும் இழுத்து, வெறுமையாக விடச் சொல்லிவிட்டேன். "பேரு இல்லாம கோடு மட்டும் போட்டா பாக்கறவங்க என்னான்னு கேப்பாங்களேம்மா" என்றார். கேட்கட்டும். யாரிடம் கேட்க வேண்டுமென்று சொல்லி உன் விலாசத்தைக் கொடுப்பேன்.

அதில் முதல் கோட்டின் முன்னால், பதினைந்தாவது பெயருக்கான இடத்தில் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பெயர் தெரியாமல் அல்ல. சொன்ன பெயரை என் தம்பியே வெட்டினான் என்பதால்.

அக்கா

*

சென்னை
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதுகுவலி குறைந்திருக்கிறது. உன் கடைசிக் கடிதத்தைக் கஸ்தூரி பிரித்துப் படித்துவிட்டு என் முன்னால் வைத்தாள். 

இந்தப் பார்சலில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. நான் எரிக்கவில்லை. இத்தனை வருஷமும் பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தேன். மூன்று வீடு மாறியும் கூடவே வந்தது.

நீ கேட்டதற்குப் பதில். அன்று அரங்கத்தில் அறுபது எழுபது பேர் இருப்பார்கள். ராஜம்மா அத்தை எனக்கு வலது பக்கம், அம்மா இடது பக்கம். திரையில் அத்தை வந்து நிற்கிறார். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. கையை நீட்டிக் கோயில் பக்கம் காட்டுகிறார். "முருகன் கையில இருக்கும்ல, அது" என்கிறார். அரங்கத்தில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். புருஷன் பெயரைச் சாடையில் சொல்லும் பெண்ணை நகைச்சுவையாகவே பார்த்துப் பழகியவர்கள், இதையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நானும் சிரித்தேன், அக்கா.

அவர்கள் பக்கம் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது, சேர்ந்துகொண்டேன். அம்மா அதைப் பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில் அவர்களை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். மறுநாள் அந்த இடத்திலிருந்து காட்சி முடியும்வரை கத்திரித்தேன். படம் மோசம் என்று முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். மோசமானது படமில்லை.

வக்கீலை நிறுத்திவிட்டேன். இது நேரத்துக்கு வந்து சேருமா தெரியவில்லை. என் பெயரைப் போடு என்று கேட்கமாட்டேன். கேட்க எனக்கு முகமில்லை.

மச்சானுக்கு வணக்கம்.
ரூபன்

*

தங்காக்
3 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி ரூபனுக்கு,

நானும் மச்சானும் நலம். உன் முதுகுவலி குறைந்தது அறிந்து நிம்மதி.

டப்பா 27ஆம் தேதி வந்தது. அல்ஃபியா இரண்டு நாள் லீவு போட்டு, சுருங்கிப்போன பிலிமை நிமிர்த்தி, வெட்டிய இடத்தில் பொருத்திவிட்டாள். முன்கூட்டியே பார்க்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம், எல்லோரோடும் சேர்ந்தே பார்க்கிறேன் என்றேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். இன்னும் இருக்கிறது. அத்தை என்னிடம் கேட்ட கேள்விக்கு, அன்று பஸ்ஸிலேயே நீ ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். "தப்பில்ல அத்த" என்று. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இதை எழுதாமல் மற்றதை எழுத எனக்கு மனம் வரவில்லை, அதனால் முதலில் எழுதிவிட்டேன்.

இருநூற்றைம்பது பேர் வந்தார்கள். மெர்சிங்கிலிருந்துகூட ஒரு வேன் வந்தது. மீன்கடைச் சீனர்களில் மிஞ்சியிருக்கும் இருவர், தங்கள் சட்டையைத் திரையில் பார்த்ததும் கைதட்டினார்கள். மணியம் முன் வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். நாலாவது ரீல் வந்தது. அம்மா சொன்னார். பதினான்கு பெயர்களும் முடிந்தன. ராஜம்மா அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார்.  யாராவது சிரித்துவிட்டால் எழுந்து விளக்கைப் போட்டுவிடுவது என்று சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

அத்தை கையை நீட்டினார். "முருகன் கையில இருக்கும்ல, அது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மண்டபத்தில் பின்னால் இருந்த ஒரு பெண், "வேலு" என்றாள். இன்னொருத்தி, "வேலாயுதம்" என்றாள். பிறகு இருநூற்றைம்பது பேரும், சின்னப் பிள்ளைகள் முதற்கொண்டு, அவருக்குப் பதிலாகச் சொன்னார்கள். வேலாயுதம். வேலாயுதம். திரையில் இருந்த அத்தை ஏதோ காதில் விழுந்த மாதிரி நிமிர்ந்து பார்த்தார். "ஆமா சாமி. அவங்கதான்" என்றார். பண்டாரம் எள்ளை விட்டார். மணியம் எழுதிக்கொண்டார். அடுத்த இருபத்திரண்டும் வந்தன, ஒன்று பாக்கியில்லை. நேற்றோடு கல்லில் கோடு எதுவும் வெறுமையாக இல்லை.

உன் பெயர் போஸ்டரில் இல்லை, கல்லிலும் இல்லை. நீ கேட்டபடியே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அத்தை நிமிர்ந்து பார்த்தது எங்களை இல்லை. நேற்று அல்ஃபியாவோடு உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டி வைத்து மறுபடி கேட்டேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "வேலாயுதமா, ராஜம்மா அத்த?" என்று கேட்கிறது. மெதுவாக, மரியாதையாக, சிரிக்காமல். அந்த மண்டபம் சொல்வதற்கு முப்பது வருஷம் முன்னால் அவருக்குப் பதிலாக அந்தப் பெயரை முதலில் சொன்னவன் நீதான். உனக்கே மறந்துவிட்டது.

அந்தக் குரலை எடுக்க விடமாட்டேன், ரூபன். நீயே வக்கீலைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து வாசலில் நின்றாலும் இரண்டு பேருக்கும் சாப்பாடு போடுவேன், ஆனால் ஒரு அங்குலம் வெட்ட விடமாட்டேன்.

வருவதானால் முன்கூட்டிச் சொல். மெர்சிங் மீன் சொல்லி வைக்க வேண்டும்.

அக்கா
சந்திரமதி